மணலில் எழும் ஊர்: பிரயாகையில் ஒரு கூடார வாசம்

தை மாதத்து விடியலில் பிரயாகை நகரின் சாஸ்திரி பாலத்தின் மீது நின்று கீழே நோக்குபவருக்கு முதலில் ஒன்றும் தெரிவதில்லை. மூடுபனி, ஆற்றையும் கரையையும் ஒன்றாக்கி வைத்திருக்கும். எங்கிருந்தோ சங்கொலி கேட்கும். கூட்டத்தில் உறவினரைப் பிரிந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கி ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கும். பொழுது ஏறிப் பனி விலகும்போது, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை துணிக்கூரைகள் வெளிப்படும். வெள்ளை, காவி, நீலம், மஞ்சள் எனப் பல வண்ணங்களில், வீதி வீதியாக, கொடிகள் பறக்க, ஒரு பெரிய ஊரே அங்கே எழுந்து நிற்கும்.

அந்த ஊருக்கு ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை மாதம். மகர சங்கராந்தியை ஒட்டித் தொடங்கி, மகா சிவராத்திரியோடு அது கலைந்துவிடும். அந்த ஊர் நிற்கும் இடமோ நிலமன்று, ஆற்றின் படுகை. மழைக்காலத்தில் கங்கையும் யமுனையும் பெருகும்போது அவ்விடம் முழுவதும் நீருக்கடியில் இருக்கும். கோட்டைச் சுவரின் அருகே பள்ளத்தில் சயனித்திருக்கும் ஆஞ்சநேயரைக் கங்கை பெருகி வந்து நீராட்டிச் செல்வதைப் பெரும் பாக்கியமாக அவ்வூரார் கருதுவர். வெள்ளம் வடிந்து, வண்டலும் மணலும் ஓரளவு காய்ந்த பின்னர், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அளவெடுப்பு நடைபெறும். இரும்புத் தகடுகள் விரித்துச் சாலைகள் அமைப்பர். மிதவைகளை இணைத்து ஆற்றின் குறுக்கே பாலங்கள் இடுவர். 2025-ஆம் ஆண்டு மகா கும்பமேளாவின்போது ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் பரப்பில், 25 பிரிவுகளாக, 30 மிதவைப் பாலங்களுடன் இவ்வூர் அமைந்தது. கும்பமேளா இல்லாத ஆண்டுகளிலும் மாக மேளா என்ற பெயரில் இதே மணலில் சற்றுச் சிறிய ஊர் ஆண்டுதோறும் எழுகிறது.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. 7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிரயாகையின் மணல்வெளியில் பெரும் தான விழா நடத்தினார். அதனை நேரில் கண்ட சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மூங்கில் வேலியிட்ட வெளியில் கூரைக் கொட்டகைகள் எழுப்பப்பட்டிருந்ததைப் பற்றிய செய்தியை விட்டுச் சென்றிருக்கிறார். அதற்கும் முன்பாக, இராமபிரான் பரத்வாஜ முனிவரைக் கண்டு வணங்கியதும் இத்தலத்திலேயே. முனிவர் காட்டிய வழியில் சித்திரகூடம் சென்றபோது, அங்கே தங்குவதற்கு இலட்சுமணன் பர்ணசாலை அமைத்தான்.

கல்பவாசம்

மேளாவுக்கு வருவோரில் பெரும்பாலோர் ஒருநாள் நீராடித் திரும்புபவர்கள். ஆனால், பௌஷ பௌர்ணமி முதல் மாக பௌர்ணமி வரை ஒரு திங்கள் முழுவதும் அம்மணலிலேயே தங்கி விரதம் காப்போரும் இலட்சக்கணக்கில் உண்டு. அவர்களைக் கல்பவாசிகள் என்பர். இவர்களில் மிகப் பலர் அறுபதைக் கடந்த கிராமத்துப் பெரியவர்கள். விடியலுக்கு முன் கங்கையில் நீராடல், ஒருவேளை உணவு, தரையில் உறக்கம், சினமும் பொய்யும் தவிர்த்தல், மாலையில் கதை கேட்டல் ஆகியவையே அவர்களுடைய நாள். கூடார வாயிலில் ஒரு துளசிச் செடியை நட்டு, அருகில் பார்லி விதைப்பர். ஒரு மாதத்தில் அப்பயிர் முளைத்துத் தழைப்பதை விரதத்தின் பலனாகக் கண்டு மகிழ்வர். இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவு செய்தோர் இறுதியில் படுக்கை தானம் செய்து விரதத்தை முடிப்பர்.

தமிழகத்து அன்பர்களுக்கும் பிரயாகைக்கும் உள்ள உறவு அறியாததன்று. இராமேசுவரத்தில் எடுத்த மணலைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவுறும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. வடவர் மௌனி அமாவாசை என்று போற்றும் நாளே நம்முடைய தை அமாவாசை. சங்கமத்தின் அருகே காஞ்சி காமகோடி பீடத்தாரால் எழுப்பப்பட்ட ஆதிசங்கரர் விமான மண்டபம், தென்னாட்டுக் கோபுர அமைப்புடன், மூடுபனிக்குள்ளும் தமிழரை அழைத்து நிற்கிறது. மேலும், தம்பதியர் செய்யும் வேணி தானம் தென்னிந்தியர் பெரிதும் போற்றும் சடங்காகும். கணவனே மனைவியின் கூந்தலைப் பின்னிப் பூச்சூட்டி, அதன் நுனியைச் சிறிது கத்தரித்துத் திரிவேணியில் சமர்ப்பிக்கச் செய்வது அது. பிற நீரில் மிதக்கும் கூந்தல் இங்கே மூழ்கிவிடும் என்பர்.

தஞ்சையிலிருந்து ஒரு குடும்பம்

அந்த வேணி தானத்துக்காகவே ஒரு தை மாதத்தில் தஞ்சைப் பகுதியிலிருந்து முதிய தம்பதியர் பிரயாகை வந்தனர். அவருக்கு வயது எழுபத்தொன்று, அம்மையாருக்கு அறுபத்தாறு. திருமணமான புதிதில் அவர்கள் காசி யாத்திரை புறப்பட்டதுண்டு. காசியில் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல் கண்டதால், பிரயாகை செல்லாமலேயே ஊர் திரும்பும்படி ஆயிற்று. யாத்திரை பாதியில் நின்ற குறை அம்மையாரின் உள்ளத்தில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இருந்தது. அன்று காய்ச்சலில் கிடந்த குழந்தைதான் இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, பெற்றோரை அழைத்துச் செல்ல முன்வந்தவர்.

பெரியவருக்குக் குளிர் காலத்தில் மூச்சிரைப்பு உண்டு. ஆகவே நகரத்து விடுதியில் தங்கலாம் என்று மகன் கூறினார். ஆனால், "ஒரு மாதம் முடியாவிட்டாலும் ஒரு வாரமாவது அந்த மணலில் படுத்து எழ வேண்டும்" என்பது அம்மையாரின் விருப்பம். தை அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னதாகப் பெரியவர்கள் இருவரும் சென்று தீர்த்த புரோகிதரின் இடத்தில் தங்குவது, கடைசி நான்கு நாள்களுக்கு மகனும் மருமகளும் பிள்ளைகளும் வந்து சேர்வது என்று முடிவாயிற்று.

பெரியவர்கள் தங்குவதற்குப் புரோகிதரே ஒரு கூடாரம் தருவதாகச் சொல்லியிருந்தார். மகன் குடும்பத்துக்கு ஒரு கூடாரம் வேண்டியிருந்தது. அவர் படத்தைப் பார்த்து, விலை குறைந்த ஒன்றை வரவழைத்தார். பையிலிருந்து எடுத்தவுடன் தானே விரிந்து நிற்கும் வகை அது. பிள்ளைகள் மகிழ்ந்தனர். பெரியவர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொதுப்பணித் துறையில் காவிரிக் கால்வாய்களோடு முப்பது ஆண்டுகள் பழகியவர் அவர். நீர் எவ்வழியே நுழையும் என்பதை அறிந்தவர். மொட்டை மாடியில் அக்கூடாரத்தை நிறுத்தச் செய்து, உள்ளே பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, தோட்டத்துக் குழாயால் கால்மணி நேரம் மேலிருந்து நீர் பாய்ச்சச் சொன்னார். பத்து நிமிடத்திற்குள் தையல் ஓரங்களில் நீர் முத்து முத்தாக வடிந்து, தாள்கள் நனைந்தன. அது திருப்பி அனுப்பப்பட்டது.

கூடாரத்தைத் தேர்தல்

அடுத்த கூடாரத்தைப் பெரியவரே உடனிருந்து தேர்ந்தெடுத்தார். அவர் பார்த்தவை யாத்திரை செல்லும் குடும்பங்கள் யாவருக்கும் பயன்படக் கூடியவை.

முதலாவது, துணி. செயற்கை இழைத் துணியில் நீர் புகாதபடி உட்பூச்சு இருக்கும். அதன் வலிமையை மில்லிமீட்டரில் குறிப்பிடுவர். 3,000 என்று எழுதியிருந்தால், அத்துணி 3,000 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். பலத்த மழைக்குக் கூரையில் 2,000 முதல் 3,000 வரை இருப்பது நன்று. மனிதர் அமர்வதாலும் மண்டியிடுவதாலும் தரைத்துணியில் அழுத்தம் மிகுதியாகும். ஆகவே தரைக்கு அதனினும் கூடுதல் வேண்டும்.

இரண்டாவது, தையல். துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் ஊசி சென்ற இடமெல்லாம் துளைதான். எல்லாத் தையல்களின் மீதும் உட்புறம் நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் கூடாரம் தோற்றது இவ்விடத்தில்தான்.

மூன்றாவது, அமைப்பு. உள்ளே ஒரு கூடாரமும் அதன்மேல் தனியாக ஒரு மேற்கூரையும் என இரண்டு அடுக்குகள் வேண்டும். மேற்கூரை ஏறத்தாழத் தரைவரை இறங்க வேண்டும். தரைத்துணியின் விளிம்பு தொட்டிபோல் நான்கு புறமும் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். எதிரெதிராக இரண்டு காற்றுவழிகள் இருத்தல் அவசியம்.

நான்காவது, அளவு. நால்வர் கூடாரம் என்று எழுதியிருந்தால், நால்வர் தோளோடு தோள் நெருங்கிப் படுக்க மட்டுமே இடமிருக்கும் என்று கொள்ள வேண்டும். பெட்டிக்கும் பைக்கும் இடமிராது. தங்குவோரைவிட இருவர் கூடுதலாகக் கணக்கிட்டு வாங்குவதே முறை. முதியவர் தங்குவதாயின், குனிந்து தவழாமல் நின்றபடி நுழையும் உயரமும் வேண்டும். முழங்கால் வலியுள்ளவர் இரவில் இருமுறை எழ நேர்ந்தால் இதன் அருமை தெரியும்.

ஐந்தாவது, கம்புகளும் முளைகளும். நார்க்கண்ணாடிக் கம்பு விலை குறைவு. ஆனால் பலத்த காற்றில் பிளந்துவிடக் கூடும். அலுமினியக் கம்பு வளைந்து கொடுக்கும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கெட்டியான மண்ணுக்கு ஏற்றவை, மணலில் நில்லா. ஓரடிக்குக் குறையாத, அகன்ற முளைகளைத் தனியே வாங்க வேண்டும்.

இரண்டாவது கூடாரமும் மாடியில் குழாய் நீரில் சோதிக்கப்பட்டது. தாள்கள் நனையவில்லை. பிள்ளைகளையே மும்முறை கட்டவும் பிரிக்கவும் செய்தார் பெரியவர். இருட்டில் கட்ட நேர்ந்தால் கைகளுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மணலில் குடிபுகல்

தீர்த்த புரோகிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொடி உண்டு. மீன் போன்ற ஏதேனும் ஒரு சின்னம் அதில் இருக்கும். எழுத்தறியாத யாத்திரிகரும் தம் குடும்பப் புரோகிதரின் இருப்பிடத்தை அக்கொடியால் கண்டறிவர். அக்கொடியின் கீழ்ப் பெரியவர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு பழைய பருத்திக் கித்தான் கூடாரம். அங்குள்ளோர் அதனைச் சோல்தாரி என்று அழைக்கின்றனர். கூரை வீட்டைப் போல் இருபுறமும் சரிந்த எளிய அமைப்பு. டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து படம் பார்த்த நாள்கள் அம்மையாருக்கு நினைவு வந்தன. தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய், அதன்மேல் ஜமக்காளம் விரிக்கப்பட்டது. மேலே எத்தனை போர்த்தினாலும், கீழிருந்து ஏறும் குளிருக்கு விரிப்புத்தான் மருந்து.

அடுத்த கூடாரத்தில் மத்தியப் பிரதேசத்தின் ரீவா பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, ஒன்பதாவது ஆண்டாகக் கல்பவாசம் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மையாருக்கு ஹிந்தி தெரியாது. ஆயினும் முதல்நாள் மாலையே துளசிக்கு நீர் வார்ப்பதில் இருவரும் தோழியராகிவிட்டனர். மூதாட்டி சொல்வதைப் பெரியவர் தாம் அறிந்த சிறிது ஹிந்தியில் புரிந்துகொண்டு எடுத்துரைப்பார்.

மகன் குடும்பம் வந்து சேர்ந்து, புதிய கூடாரமும் பக்கத்தில் எழுந்தது. மறுநாள், அதாவது அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தது. வட இந்தியாவில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்கள் இவ்வாறு மழை கொணர்வதுண்டு. மூதாட்டி வானத்தைப் பார்த்தார். சிறு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இரு கூடாரங்களையும் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டச் செய்து, அதனைத் தாழ்வான பக்கம் திருப்பிவிட்டார். முளைகளைப் பிடித்து அசைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் காட்டியபடி, முழ நீள மூங்கில் துண்டுகளின் நடுவில் கயிற்றைக் கட்டி, மணலில் குறுக்காகப் படுக்கவைத்து ஆழப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கினர். நட்ட முளையைக் காற்று பிடுங்கிவிடும். குறுக்கே புதைத்த மூங்கிலைப் பிடுங்குவதாயின் அதன்மேலுள்ள மணல் முழுவதையும் தூக்க வேண்டும். இறுதியாக, கித்தான் கூடாரத்தின் பருத்திக் கயிறுகளைச் சிறிதளவு தளர்த்தினார். நனைந்தால் அவை சுருங்கி முளைகளை இழுக்கும் என்பது காரணம். இறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பு என்று எண்ணியிருந்த மகனுக்கு அது வியப்பாக இருந்தது.

மழை இரவு

இரவு பதினொரு மணியளவில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. பேரன் தாத்தா, பாட்டியோடு கித்தான் கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருந்தான். பருத்திக் கித்தானில் பூச்சு இல்லாவிடினும், நனைந்ததும் நூல்கள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஆயினும் உட்புறத்தில் விரல் பட்டால் அவ்விடத்தில் நீர் கசியத் தொடங்கும். விழித்துக்கொண்ட சிறுவன் மழையின் ஓசையைக் கேட்டு, கூரைச் சரிவை விரலால் தொட்டுப் பார்த்தான். சிறிது நேரத்தில் அவ்விடத்திலிருந்து சொட்டுகள் பாட்டியின் போர்வைமீது விழலாயின.

அம்மையார் பதறினார். பெரியவர் சிறுவனைக் கடியவில்லை. சொட்டும் இடத்தில் தம் விரலை வைத்து, அங்கிருந்து கீழே துணியின் ஓரம் வரை ஒரு கோடு இழுத்தார். சொட்டுவது நின்று, நீர் அக்கோட்டின் வழியே ஓரத்துக்கு வடிந்து சென்றது. "தண்ணிய நிறுத்த முடியலேன்னா, போறதுக்கு வழி காட்டணும்டா கண்ணா" என்றார்.

ஆனால் ஈரக்காற்றில் அவருக்கு மூச்சிரைப்பு கூடிற்று. அம்மையார் மகனை அழைத்தார். செய்தி அறிந்து, முகாமில் பணிபுரியும் ஓர் இளைஞன் நல்லெண்ணத்துடன் கனன்ற கரியடுப்பு ஒன்றை ஏந்தி வந்தான். கூடாரத்தை மூடி அதனை உள்ளே வைத்தால் நொடியில் சூடாகிவிடும் என்றான். மகனும் இசைந்தார். அதற்குள் மூதாட்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்து வாயிலை மறித்தார். மூடிய இடத்தில் கரியடுப்பு வைத்து உறங்கியவர் விடியலில் எழுந்ததில்லை என்று அவர் உரத்துச் சொன்னார். அது உண்மை. கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வடநாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவ்வாறு குடும்பங்கள் மாண்ட செய்தி வருகிறது.

அடுப்பு வெளியே மறைப்பின் கீழ் வைக்கப்பட்டது. அதில் நீர் காய்ச்சிப் புட்டிகளில் நிறைத்து, துணியில் சுற்றி, பெரியவரின் காலடியிலும் மார்பின் அருகிலும் வைத்தனர். அவரைச் சாய்ந்து அமரச் செய்து, மருத்துவர் தந்திருந்த மருந்தை உறிஞ்சச் செய்தனர். தகரப் பெட்டியில் வைத்திருந்ததால் மருந்து நனையவில்லை. ஒருமணி நேரத்தில் மூச்சு சீராயிற்று. அம்மையார் அன்றிரவு உறங்கவில்லை. தம் பிடிவாதத்தால் அவருக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் கைகூப்பியபடியே அமர்ந்திருந்தார்.

விடிந்தபோது வாய்க்கால் நிறைய நீர் ஓடிக்கொண்டிருந்தது, தரை காய்ந்திருந்தது. எதிர்வரிசையில் முளை பிடுங்கிய சில கூடாரங்கள் சாய்ந்து கிடந்தன. மகனோ, தம் புதிய கூடாரமும் ஒழுகிவிட்டதென்று வருந்தினார். போர்வைகள் ஈரமாக இருந்தன. பெரியவர் உள்ளே சென்று தையல்களைத் தடவிப் பார்த்தார். எங்கும் ஒழுகலில்லை. குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை மூடிவிட்டதால், மூவருடைய மூச்சுக்காற்றின் ஈரமே குளிர்ந்த துணியில் படிந்து பனிபோல் உதிர்ந்திருந்தது. மறுநாள் இரு காற்றுவழிகளையும் திறந்து வைத்து, கூடுதலாக ஒரு கம்பளி போர்த்திக்கொண்டனர். போர்வைகள் நனையவில்லை.

வேணி தானம்

மழை நின்ற அன்று முற்பகல் வானம் தெளிந்தது. பெரியவர் களைத்திருந்தாலும் எழுந்து நின்றார். "இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார். "ஒடம்பு நல்லாகட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார் அம்மையார். நாற்பதாண்டுகள் காத்திருந்தவர், இன்னும் ஒருமுறை விட்டுக்கொடுக்க அணியமாக இருந்தார். பெரியவர் ஒன்றும் கூறாமல் சீப்பையும் பூவையும் எடுத்துப் பையில் வைத்தார்.

படகில் சங்கமத்துக்குச் சென்றனர். வெளிறிய கங்கையும் பச்சைநிற யமுனையும் கலக்குமிடத்தில், கட்டைகளால் அமைத்த மேடையில் அம்மையாரை அமரச் செய்து, பெரியவர் நடுங்கும் விரல்களால் வெண்கூந்தலைப் பின்னினார். பேத்தி பூவை எடுத்துக் கொடுத்தாள். புரோகிதர் மந்திரம் சொல்ல, பின்னலின் நுனி கத்தரிக்கப்பட்டு, மஞ்சள் குங்குமத்தோடு அம்மையாரின் கையால் நீரில் விடப்பட்டது. அது மூழ்கும்வரை அவர் இமைக்காமல் பார்த்திருந்தார். சேதுவிலிருந்து கொணர்ந்த மணலும் அங்கே கரைக்கப்பட்டது.

தை அமாவாசையன்று அவர்கள் சங்கமத்தின் முனைக்குச் செல்லவில்லை. 2025-ஆம் ஆண்டு மௌனி அமாவாசை விடியலுக்கு முன் அங்கு நேர்ந்த நெரிசலில் உயிர்கள் பிரிந்ததை நாடறியும். கூடாரத்துக்கு அண்மையிலுள்ள துறையிலேயே நீராடித் தர்ப்பணம் செய்தனர். மேளா எல்லைக்குள் எத்துறையில் நீராடினும் கங்கை கங்கையே என்று புரோகிதரும் கூறினார்.

புறப்படும் நாளில் புதிய கூடாரத்தை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே மடித்தனர். ஈரத்துடன் மடித்தால் பூஞ்சை பிடித்து அடுத்த யாத்திரைக்குள் துணி வீணாகிவிடும். இரவில் இடறாமலிருக்கக் கயிறுகளில் கட்டியிருந்த வெள்ளைத் துணி நாடாக்களைப் பேரன் அவிழ்த்துச் சேர்த்தான். ரீவா மூதாட்டி, தம் துளசியிலிருந்து ஒரு சிறு கிளையை ஈர மண்ணோடு அம்மையாரிடம் தந்தார். அவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் எஞ்சியுள்ளன.

பஞ்சவடியில் தங்குமிடம் தேடியபோது, நல்ல இடத்தை நீயே பார் என்றான் இராமன். தாங்களே காட்டியருள வேண்டும் என்று பணிந்தான் இலட்சுமணன். இராமன் இடத்தைக் காட்ட, இலட்சுமணன் குடிலை அமைத்தான். தங்குமிடத்தை ஆராய்ந்து தேர்வதும், அதில் உடனிருப்போரின் நலம் காப்பதும் யாத்திரையின் ஓர் அங்கம் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

செல்லும் அன்பர்கள் கவனத்துக்கு

மாக மேளா ஆண்டுதோறும் மகர சங்கராந்தியை ஒட்டித் தொடங்கி மகா சிவராத்திரி வரை நடைபெறும். தை மாதத்தில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். காசியிலிருந்து பிரயாகை ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சமையலைக் கூடாரத்துக்கு வெளியே, வைக்கோலுக்கு எட்டாத தொலைவில் வைத்துக்கொள்க. 2025 ஜனவரி 19 அன்று மேளாவின் ஒரு பிரிவில் எரிவாயு உருளைகள் வெடித்துப் பல கூடாரங்கள் எரிந்ததை நினைவிற் கொள்க. பூஜை விளக்கையும் வாயிலுக்கு வெளியே துளசியின் அருகில் ஏற்றி, உறங்குமுன் அணைத்துவிடுவது நலம். உள்ளே மின்கல விளக்குப் போதும். மூச்சுத் தொல்லையோ இதய நோயோ உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரின் கருத்தைக் கேட்டு, மருந்துகளை நீர் புகாத பெட்டியில் வைத்துக்கொள்க. தங்கும் பிரிவின் எண்ணையும் புரோகிதரின் கொடிச் சின்னத்தையும் ஒரு தாளில் எழுதி, குழந்தைகள் முதல் பெரியவர் வரை ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் வைப்பது அவசியம்.